எல்லாச் சக்கரமும் இழுக்கும் எஞ்சின்

நுவரெலியா பஸ் நிலையத்தில், கையில் ஒரு லீக்ஸ் மரக்கறிக் கட்டோடு ராகலை பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது தொலைபேசி அடித்தது. அழைத்தவர் அந்தோனி அண்ணன். அவர் பேசுவதற்கு முன்பே பின்னணியில் ஜெபமாலை சொல்லும் குரல்கள் கேட்டன. "சேர், டீச்சர் காலையில தவறிட்டாங்க. நெஞ்சுச் சளி முத்திப்போச்சு. ஆஸ்பத்திரியிலேருந்து வீட்டுக்குக் கொண்டாந்துட்டோம்" என்றார். ராகலை பஸ் வந்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. நான் பூண்டுலோயா பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினேன். லீக்ஸ் கட்டு எங்கே விழுந்ததோ தெரியவில்லை.

இதை வாசிக்கிற உங்களில் பலர் ரெஜினா டீச்சரிடம் விஞ்ஞானம் படித்தவர்கள். இன்னும் சிலர் அவருடைய எஞ்சினைப் பார்க்கவென்றே பூண்டுலோயா வரைக்கும் வந்து, அவர் கணவர் அந்தோனி அண்ணன் கொடுத்த பிளேன்டீயைக் குடித்துவிட்டுப் போனவர்கள். நான் இரண்டு கூட்டத்திலும் சேராதவன். அதே பாடசாலையில் தமிழ் கற்பித்தவன். ஆசிரியர் அறையில் அவருக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, அவர் சொன்ன எல்லாவற்றையும் மறுத்துப் பேசியவன். எனக்கு இரும்பு, எண்ணெய், புகை எதுவுமே ஆகாது. பஸ்ஸில் ஏறினாலே தலை சுற்றும். எதையும் பார்த்து வாய் பிளக்கிற சுபாவமும் கிடையாது. அப்படிப்பட்ட என்னை ஒரு நீராவி எஞ்சின் முன்னால் பேச்சில்லாமல் நிற்க வைத்தவர் அவர்.

டீச்சருக்குப் பல்சக்கரப் பித்து பிடித்ததே அந்தோனி அண்ணனால்தான். அண்ணன் அப்போது ஹட்டன் பாதையில் அரசாங்க பஸ் சாரதி. டீச்சர் கலியாணத்துக்கு முன்பு தினமும் அந்த பஸ்ஸில், சாரதிக்குப் பக்கத்து ஆசனத்தில் உட்கார்ந்து பாடசாலைக்கு வருவார். வளைவில் பஸ் திணறும்போது அண்ணன் ஒரு கியர் குறைப்பார். எஞ்சின் கத்தும், வேகம் குறையும், ஆனால் பஸ் நிற்காது. முழங்காலை இடித்துக்கொண்டு நிற்கிற சனத்தோடு அது மலையேறும். "எல்லாப் பொம்பளையும் ஆளப் பாத்துக் கட்டுவாங்க. நான் இவரு கியர் மாத்துறதப் பாத்துக் கட்டிக்கிட்டேன் சேர்" என்று டீச்சர் சொல்வார். அண்ணன் அதைக் கேட்டால் வெட்கப்பட்டு எழுந்து போய்விடுவார். கலியாணமாகி இத்தனை காலத்துக்குப் பிறகும் அவர் மனைவியை "டீச்சர்" என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்கள் முன்பு, தம்பி மகளின் கலியாணத்துக்காக டீச்சர் கனடா போனார். அந்த நாட்டின் மேற்குப் பக்கத்தில் மரம் வெட்டுகிறவர்களின் காட்டு ஊர் ஒன்று இருக்கிறதாம். பழைய காலத்தில் மலைக்காட்டுக்குள்ளிருந்து பெரிய மரங்களை இழுத்து வந்த எஞ்சின் ஒன்றை, அங்கே இன்னும் நெருப்பு மூட்டி ஓட்டிக் காட்டுகிறார்கள். தம்பி குடும்பத்தோடு சுற்றிப் பார்க்கப் போன டீச்சர், மற்றவர்கள் சாப்பிடப் போன பிறகும் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. எஞ்சின் ஓட்டுகிறவர் பார்த்துவிட்டு, கிட்டே வரச் சொல்லி, ஓடாமல் நின்ற நேரத்தில் அதன் பல்சக்கரத்தைத் தொட்டுப் பார்க்க விட்டிருக்கிறார். ஊர் திரும்பிய டீச்சர் எங்களுக்குக் கலியாணப் படம் ஒன்றைக்கூடக் காட்டவில்லை. ஆசிரியர் அறையில் தொலைபேசியை என் மூக்குக்கு முன்னால் நீட்டி, அந்த எஞ்சினைத்தான் காட்டினார்.

"என்ன டீச்சர் இது, எஞ்சினா, தையல் மிஷினா?" என்று கேட்டேன். கேலிக்காக மட்டும் கேட்கவில்லை. நாம் நானுஓயா ஸ்டேஷனில் பார்த்த எந்த எஞ்சினையும் போல அது இல்லை. சிலிண்டர்கள் படுக்கையாக இல்லாமல், பாயிலரின் வலது பக்கத்தில் நெட்டுக்குத்தாக நின்று மேலும் கீழும் குத்திக்கொண்டிருந்தன. பாயிலர் நடுவில் இல்லாமல் இடப்பக்கம் தள்ளியிருந்தது. "கோணலா வச்சிட்டாங்களே" என்றேன். டீச்சர் அலுத்துக்கொள்ளவில்லை. "இடுப்புல தண்ணிக் குடத்த வச்சிக்கிட்டு வர்றவங்கள நீங்க பாத்ததே இல்லியா சேர்? குடம் ஒரு பக்கம்னா ஒடம்பு மறுபக்கம் சாயும். இல்லாட்டி விழுந்துருவாங்க. அதே கணக்குத்தான்" என்றார்.

பிறகு ஒரு சோக்குக் கட்டியை எடுத்து மேசை மேலேயே வரைந்து காட்டினார். சாதாரண நீராவி எஞ்சினில் தண்டுகள் நேராகச் சில சக்கரங்களைச் சுற்றும். சமதரையில் பறக்கும், செங்குத்தில் வழுக்கும். மரக்காட்டில் தண்டவாளத்தை அவசரத்துக்குப் போடுவார்கள், வெட்டி முடிந்ததும் பிடுங்கிக்கொண்டு அடுத்த மலைக்குப் போவார்கள். பள்ளமும் மேடும் வளைவுமாக இருக்கும் அந்தப் பாதைக்காக யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். சிலிண்டர்கள் சக்கரத்தைத் தொடுவதே இல்லை. எஞ்சினின் பக்கத்தில் நீளமாக ஓடும் ஓர் இரும்புத் தண்டைச் சுற்றுகின்றன. அந்தத் தண்டு பல்சக்கரங்களால் எல்லாச் சக்கரங்களையும் சுற்றுகிறது. விறகும் தண்ணீரும் சுமக்கும் பின்பெட்டியின் சக்கரங்களுக்கும் அதே தண்டுதான். "சும்மா உருளுற சக்கரம்னு ஒண்ணுமே இல்ல சேர். பாரம் சுமக்குறது அத்தனையும் இழுக்குது" என்றார். அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்து நான் மேற்கொண்டு கேலி செய்யவில்லை.

அதன் சத்தத்தைப் பற்றி அவர் சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது. தண்டு பல தடவை சுற்றினால்தான் சக்கரம் ஒரு தடவை சுற்றும் என்பதால், சிலிண்டர்கள் வேகவேகமாக மூச்சு விடும். "கண்ண மூடிக்கிட்டுக் கேட்டா எக்ஸ்பிரஸ் ரயிலு. கண்ணத் தொறந்து பாத்தா, கொழுந்துக் கூடையோட மேட்டுல ஏறுற பொம்பள நடை" என்றார். "வேகமா ஓடுறதுக்கு எஞ்சின் செய்றது பெரிய காரியம் இல்ல. நிக்காம ஏறுறதுக்குச் செஞ்சாங்க பாருங்க, அவங்க காலத் தொட்டுக் கும்புடணும்."

முதலில் கையளவில் ஒன்று செய்தார். பாயிலருக்கு டின்பால் டின், பழைய கடிகாரப் பல்சக்கரங்கள், உள்ளே பற்றரியில் ஓடும் சின்ன மோட்டார். கரும்பலகை ஒன்றைக் கழற்றி மேசை மேல் சாய்த்து வைத்து, அதில் தண்டவாளம் ஒட்டி அதை ஏற்றினார். அது கரும்பலகையின் உச்சிக்குப் போய், இறங்குவதற்கு வழியில்லாமல் நின்றது. அதிபர், நான், சங்கீத ஆசிரியர் மூன்று பேரும் மணி அடித்தும் வகுப்புக்குப் போகவில்லை. வளர்ந்தவர்கள் மூன்று பேர் ஒரு டின்பால் டின்னைப் பார்த்துக்கொண்டு நின்றதை எந்தப் பிள்ளையும் பார்க்கவில்லை என்று நம்புகிறேன்.

விளையாட்டு அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் சீனி வியாதி அந்தோனி அண்ணனின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வைத்தது. அவர்களுடைய வீடு ரோட்டுக்கு நேர் மேலே, செங்குத்தான சீமெந்துப் படிக்கட்டின் உச்சியில் இருக்கிறது. இறங்க வேண்டுமென்றால் அக்கம்பக்கத்து ஆட்கள் நாற்காலியோடு தூக்க வேண்டும். இரண்டு மூன்று தடவை தூக்கினார்கள். பிறகு அண்ணன் வர மறுத்துவிட்டார். "பஸ் நெறையச் சனத்த ஏத்திக்கிட்டு மலையேறின ஆளு நான். இப்ப என்னைய நாலு பேரு தூக்குறாங்க. அது ஒரு தடவதான் சேர் நடக்கணும்" என்று என்னிடம் சொன்னார். மாதா கோயிலுக்குப் போவதை நிறுத்தினார். கிளினிக்குக்குப் போவதையும் நிறுத்தினார். மற்றக் காலைக் கவனிக்காவிட்டால் அதுவும் போய்விடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்து, கீழே போகும் பஸ்களின் கியர் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். டீச்சர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எஞ்சின் செய்யப் போகிறேன், அதில் அவரை ஏற்றி இறக்கப் போகிறேன் என்று டீச்சர் சொன்னபோது எனக்குக் கோபம் வந்துவிட்டது. "கம்பி கட்டி ஒரு வின்ச் போட்டா ஆச்சு. இதுக்கு எதுக்கு எஞ்சின்?" என்று சத்தம் போட்டேன். அவர் நிதானமாகப் பதில் சொன்னார். "வின்ச்சு அவர இழுக்கும் சேர். அவரு இழுபட மாட்டாரு. எஞ்சின்னா ஏறி உக்காருவாரு. அது அவரு பாஷை."

ஹட்டனில் லேத் பட்டறை வைத்திருந்த சிங்கள பாஸ் ஒருவர், வரைபடத்தைப் பார்த்துவிட்டு முதலில் "டீச்சர்ட்ட பிஸ்ஸுத?" என்று என்னிடம் கேட்டார். ஆமாம், பைத்தியம்தான் என்று நானும் ஒத்துக்கொண்டேன். அடுத்த கிழமை போனபோது பாஸ் தானே பழைய முச்சக்கரவண்டிகளின் பின்னச்சுகளைக் கழற்றி, சாய்பல் சக்கரங்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். பிஸ்ஸு அவருக்கும் பிடித்துவிட்டது. பாயிலர் விஷயத்தில் மட்டும் டீச்சர் துணிச்சல் காட்டவில்லை. தேயிலைத் தொழிற்சாலைகளில் பாயிலர் சோதிக்கிற ஒருவரை அழைத்து வந்து, தண்ணீர் நிரப்பி அழுத்திப் பார்த்த பிறகுதான் நெருப்பு வைத்தார். தங்கள் காணிக்குள்ளேயே, மரக்கறிப் பாத்திகளுக்கு நடுவில், ஒரு சாண் அகலத் தண்டவாளம் போட்டார்கள். நேராக இறங்கினால் மிகவும் செங்குத்து. அதனால் காட்டு ரயில்காரர்கள் செய்த மாதிரியே, குறுக்காக முன்னால் இறங்கி, முனையில் நின்று, அங்கிருந்து பின்னால் இறங்குகிற பாதை. இதெல்லாம் நடந்த காலம் முழுவதும் அண்ணன் ஜன்னலில் இருந்தபடி, "பொம்ம ரயில்ல நான் ஏற மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

முதல் ஓட்டத்து நாள் காலையில் மெல்லிய பனித்தூறல். எஞ்சின் வீட்டு வாசலில், ஒரு கன்றுக்குட்டி உயரத்தில், வெந்நீர்ச் சத்தத்தோடு நின்றது. எட்டுச் சக்கரம். வலப்பக்கத்தில் அந்தத் தண்டு எண்ணெய் பளபளக்கக் கிடந்தது. டீச்சர் பின்பெட்டியில் ஏறி உட்கார்ந்து விசிலை இழுக்கப் போனார். அப்போது ஜன்னலிலிருந்து குரல் வந்தது. "எலுமிச்சம்பழம் வைக்காம புது வண்டிய எடுக்குறதா? எந்த ஊரு பழக்கம் அது?"

டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் என்றும் மறக்க மாட்டேன். அண்ணன் அதை வண்டி என்று சொல்லிவிட்டார். நம் மலையில் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவராக இருந்தாலும், பழம் நசுக்காமல் புது வண்டி எடுக்கிற சாரதி கிடையாது. அண்ணன் அக்குள் கட்டைகளை ஊன்றிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டார். "முன் சக்கரத்துக்கு ரெண்டு வச்சாப் போதும்" என்றார். டீச்சர் கேட்கவில்லை. "அது பஸ்ஸுக்குங்க. இதுல எல்லாமே இழுக்குற சக்கரம். ஒண்ணுக்கு வச்சி ஒண்ணுக்கு விட்டா அது கோவிச்சுக்கும்" என்று சொல்லி, வீட்டுத் தோட்டத்துப் பழங்களைப் பறித்து எட்டுச் சக்கரத்துக்கும் எட்டு வைத்தார். அண்ணன் எஞ்சினுக்குப் பின்னால் கோத்திருந்த சின்ன வண்டியில், யாரும் சொல்லாமலே, தானாக ஏறி உட்கார்ந்தார். எட்டுப் பழமும் ஒன்றாக நசுங்கின. வாசனை வாசல் முழுவதும் பரவியது. நாங்கள் கை தட்டினோம்.

வாசலைத் தாண்டிச் சரிவு தொடங்கியது. டீச்சர் பிரேக்கைப் பிடித்தார். எட்டுச் சக்கரங்களும் நின்றன. வண்டி நிற்கவில்லை. பழச்சாறும் தோல் எண்ணெயும் பூசிய சக்கரங்கள், தூறலில் நனைந்த தண்டவாளத்தில், சுற்றாமலே வழுக்கிக்கொண்டு இறங்கின. டீச்சர் பிரேக்கை இன்னும் இறுக்கினார். வழுக்கல் கூடியது. கீழே முனை தெரிந்தது, அதற்கப்பால் ரோடு. நான் பாத்திகளை மிதித்துக்கொண்டு பக்கத்தில் ஓடினேன், ஓடி என்ன செய்வதென்று தெரியவில்லை.

"ரெஜி, பிரேக்க விடு."

அண்ணன் கத்தவில்லை. பஸ்ஸில் கண்டக்டரிடம் பேசுகிற அதே குரல். அவர் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டது அப்போதுதான்.

"விட்டா ஓடிருமுங்க."

"விடு. சக்கரம் சுத்தட்டும். சுத்தினாத்தான் புடிக்கும். கியர்ல எறங்கு."

சரிவில், ஓடுகிற ஒன்றின் பிரேக்கை விடுவதற்கு எவ்வளவு நம்பிக்கை வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். டீச்சர் விட்டார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி இன்னும் வேகமெடுத்தது. பிறகு சக்கரங்கள் சுற்றத் தொடங்கின. டீச்சர், முன்னோட்டத்தைப் பின்னோட்டமாக மாற்றும் கம்பியை இழுத்தார். அந்தத் தண்டு, பல்சக்கரங்கள், சிலிண்டர்கள் எல்லாம் ஒன்றையொன்று பற்றிக்கொண்டன. பிஸ்டன்களே வண்டியைப் பிடித்து நிறுத்தப் பார்த்தன. சத்தம் மாறியது. வேகம் குறைந்தது, இன்னும் குறைந்தது, நடக்கிற ஆளின் வேகத்துக்கு வந்தது. முனைக்கு ஒரு முழம் முன்னால் எஞ்சின் மெதுவாக நின்றது. அண்ணன் எட்டி டீச்சரின் தோளில் தட்டி, "ரெண்டு பழம் போதும்னு சொன்னேன்ல" என்றார்.

இரண்டாவது சரிவில் பின்னால் இறங்க வேண்டும். அப்போது அண்ணனின் வண்டி முன்னால் வந்துவிட்டது. சக்கரங்களைச் சாக்கால் துடைத்து, தண்டவாளத்தில் மணல் தூவி இறங்கினார்கள். அண்ணன் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, "வரட்டும், வரட்டும்" என்று கையைக் காட்டிக்கொண்டே ரோட்டுக்கு வந்து சேர்ந்தார். கட்டைகளை ஊன்றி ரோட்டில் நின்றார். ஒரு பஸ் வந்தது. சாரதி அடையாளம் கண்டு நடு ரோட்டிலேயே நிறுத்தி இறங்கி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பின்னால் நின்ற வாகனங்கள் எல்லாம் ஹோர்ன் அடித்தன. இரண்டு பேரும் காதில் வாங்கவில்லை.

ஆனால் என்னை ஆட்டிவைத்தது இறக்கம் அல்ல, ஏற்றம். அன்று மத்தியானம் அண்ணனை ஏற்றிக்கொண்டு அது திரும்பி மேலே போனபோது, நான் பக்கத்தில் நடந்தே போனேன். நடந்து போக முடிகிற வேகம்தான். சிலிண்டர்கள் அவசர அவசரமாக மூச்சு விட, தண்டு கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்ற, சக்கரங்களோ மிக நிதானமாக, எட்டும் ஒரே மனதாக, இம்மி இம்மியாக மேட்டை ஏறின. ஒன்றுகூட நழுவவில்லை. ஒன்றுகூட மற்றதை விட்டுவிட்டுப் போகவில்லை. கனமான ஒரு மனிதனும் இரும்பும் தண்ணீரும் கரியும் சேர்ந்த அவ்வளவு பாரம், என் கண் முன்னால், ஒரு மலையை ஒப்புக்கொள்ள வைத்துக்கொண்டிருந்தது. தமிழ் கற்பித்தவன், வார்த்தை வரவில்லை. மேலே போய்ச் சேர்ந்ததும் டீச்சர் இறங்கி, கரி படிந்த முகத்தோடு, "என்ன சேர், தையல் மிஷின் எப்புடி?" என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

அதற்குப் பிறகு அண்ணன் ஒரு கிளினிக்கும் தவறவில்லை. மற்றக் கால் இன்றும் இருக்கிறது. சில மாதங்களில் எஞ்சினை அவரே ஓட்டத் தொடங்கினார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு இருவரும் வெள்ளை உடுப்போடு இறங்கி வருவதைக் கண்டு சிரித்தவர்களும் உண்டு. இரண்டு ஞாயிறு சிரித்தார்கள். மூன்றாவது ஞாயிறு தங்கள் அரிசி மூட்டையை ஏற்ற முடியுமா என்று கேட்டு வந்தார்கள்.

அடக்கத்தன்று மழை இல்லை. டீச்சரைப் படிக்கட்டு வழியாகத்தான் இறக்க வேண்டியிருந்தது. உறவுக்கார இளந்தாரிகள், "மாமா, ஒங்களயும் நாங்க நாற்காலியில தூக்கிக்கிறோம்" என்று அண்ணனிடம் கெஞ்சினார்கள். அவர் விடியும்போதே எஞ்சினில் நெருப்பு மூட்டியிருந்தார். கறுப்புச் சட்டையோடு போய், பின்பெட்டியில் டீச்சர் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தார். பின்னால் கோத்த வண்டியில் யாரையும் ஏறவிடவில்லை.

நாங்கள் டீச்சரின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படிகளில் இறங்கினோம். வயதைக் காட்டி என்னை விலகச் சொன்னார்கள், நான் விலகவில்லை. ரோட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டோம். படிக்கட்டு குறுக்கு வழி. எஞ்சின் முன்னால் இறங்கி, முனையில் நின்று, பின்னால் இறங்கி வர வேண்டும். வாகனம் கதவைத் திறந்துகொண்டு நின்றது. "பாரம், ஏத்திருவோம்" என்று யாரோ சொன்னார்கள். பாதர் கையை உயர்த்தி வேண்டாம் என்றார். மேலே, எக்ஸ்பிரஸ் ரயிலின் அவசரத்தோடு அந்த மூச்சுச் சத்தம் கேட்டது. கண்ணுக்கோ, கறுப்புச் சட்டை போட்ட ஒருவர் மரக்கறிப் பாத்திகளுக்கு நடுவே, பிரேக்கைத் தொடாமல், கியரில் இறங்கி வந்துகொண்டிருந்தார்.

டீச்சர் எனக்கென்று எதையும் விட்டுவைக்கவில்லை, நானும் எதையும் கேட்கவில்லை. அந்தக் காத்திருப்பை நான் வைத்துக்கொள்கிறேன். என் தோளில் அவர் கனம், என் காதில் அவர் செய்த எஞ்சின். அண்ணன் வந்து சேரும்வரை எங்களில் ஒருவரும் டீச்சரைக் கீழே இறக்கவில்லை.